வடக்கே சாய்ந்த ஊர்

சோலையப்பன் குடும்பம் பீரோ, கட்டில், கிரைண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நட்டு வளர்க்க ஒரு முருங்கைப் போத்து சகிதம் நெடுவாகையை விட்டுச் சென்னைக்குக் கிளம்பிய அன்று, குட்டியானை வண்டியின் முன்சக்கரத்துக்குக் கீழே நசுங்குவதற்காக வைத்த எலுமிச்சம்பழம், நசுங்கக் காத்திருக்காமல் தானாகவே உருண்டது. வண்டிக்கு முன்னால் உருண்டது, டீக்கடையைத் தாண்டி உருண்டது, கோழிகள் ஒதுங்கி வழிவிட உருண்டது, ஊர்ப்பெயர் எழுதிய பலகைக்குக் கீழே ஒரு நொடி நின்று யோசிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு வடக்கே போயே போய்விட்டது. டிரைவர் தலையைச் சொறிந்தார். சோலையப்பன் பெண்டாட்டி இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியாமல் அழுகையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"விடு தாயி, பழத்துக்கு உங்களுக்கு முன்னாடியே சென்னையில வேலை போட்டுக் குடுத்துட்டாங்க போல," என்றது சோலையப்பனின் செத்துப்போன அப்பாவின் குரல்.

எல்லோரும் வெலவெலத்துத் திரும்பினால், பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முனீஸ்வரி நின்றாள், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத முகத்தோடு.

முனீஸ்வரிக்குப் பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. ஊரை விட்டுப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்தார்கள், குரலை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பூட்டிய வீடுகள் கூடக் கூட அவள் தொண்டைக்குள் குடித்தனம் பெருகியது. பஸ் கண்டக்டரின் மூக்குக் குரல், ஹெட்மாஸ்டரின் அசெம்பிளிக் குரல், டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணின் இஸ்திரி போட்ட குரல், ஊர்த்தலைவர் வயிரவன் அம்பலத்தின் கட்டைக் குரல், அவள் அப்பா மலைச்சாமி வேலை செய்யும் திருப்பூர் பனியன் கம்பெனியின் சூப்பர்வைசர் தனபால் மரியாதையாகவே ஆளைக் கொல்லும் குரல், எல்லாம் அங்கே வாடகை இல்லாமல் இருந்தன. மலைச்சாமி லீவில் வரும்போதெல்லாம் தனபால் போன் செய்வார், மலைச்சாமி ஸ்பீக்கரை அமுக்கிவிடுவார், இவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பாள்.

ஊர் ஏன் சாய்ந்தது என்று நெடுவாகையில் ஒருவரும் கேட்கவில்லை. கறிக்கடைத் தராசைப் பார்த்தவர்களுக்கு இதில் கேட்க என்ன இருக்கிறது? திருப்பூருக்கு ஒரு தெரு போனது, கோயம்புத்தூருக்கு ஒரு தெரு போனது, சென்னைக்கு இரண்டு தெரு போனது. போனவர்கள் சும்மா போகாமல் பீரோவோடும் கிரைண்டரோடும் போனார்கள். போன இடத்தில் பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகள் பரோட்டா தின்று எடை போட்டார்கள். வடக்குத் தட்டு இறங்கியது, தெற்குத் தட்டு ஏறியது, அவ்வளவுதான். நெடுவாகை மட்டுமல்ல, கம்மாயும் கருவேலமுமாகக் கிடந்த தென்பக்கத்துப் பூமி முழுக்கவே, ஒரு முனையில் யானை உட்கார்ந்த பலகை மாதிரி வடக்கே சரிந்து நின்றது.

சாய்ந்த ஊரில் வாழ்வது எப்படி என்பதை ஒரு மழைக்காலத்துக்குள் ஊர் கற்றுக்கொண்டது. கட்டில் காலுக்கு வடபக்கம் செங்கல் வைத்தார்கள், செங்கல் தீர்ந்ததும் தச்சரிடம் ஆப்பு வாங்கினார்கள், ஊருக்கே ஆப்பு வைத்துத் தச்சர் மாடி வீடு கட்டினார், அந்த மாடி வீட்டுக்கும் ஆப்பு வைக்க வேண்டியிருந்தது. டெய்லர் ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் பேண்ட் தைத்தார். காலையில் கிழக்கே வேலைக்குப் போகிறவன் மாலையில் மேற்கே திரும்பும்போது மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டான். டீக்கடை சீனி, கிளாஸின் ஒரு பக்கம் டீ விளிம்பைத் தொட்டுவிட்டால் அது முழு டீதான் என்று போர்டு எழுதி மாட்டினார். அய்யனாரின் மண்குதிரை வழுக்கிக்கொண்டே வந்து பால்வாடி வாசலில் நின்றதால், அதைத் திரும்பத் தள்ளிக்கொண்டுபோய்ச் சங்கிலியால் பனைமரத்தில் கட்டினார்கள். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று காலங்காலமாகச் சொல்லிவந்ததற்கு இப்போதுதான் உருப்படியான ஒரு காரணம் கிடைத்தது. மீறிப் படுத்தவன் காலையில் முகமெல்லாம் ரத்தம் ஏறி, தேர்தல் கட்அவுட் மாதிரி சிவந்து எழுந்தான். காசைக் கீழே போட்டால் வடக்கே உருண்டது. ஆனால் அதில் ஒன்றும் புதுமை இல்லை, காசு அங்கே எப்போதுமே அப்படித்தான்.

முட்டை விஷயத்தில்தான் ஊர் கொஞ்சம் தடுமாறியது. முனீஸ்வரியின் அம்மா வேலுத்தாயின் கோழி தெற்குத் தெருவில் இட்ட முட்டை, மெல்ல உருண்டு, வடக்குத் தெருவில் அம்பலத்தின் வாசலில் போய் நின்றது. அம்பலம் அதை எடுத்து அவித்துவிட்டார்.

"கோழி என் கோழி, அம்பலம்," என்றாள் வேலுத்தாய் கூட்டத்தில் நின்று.

"இல்லைன்னு யாரு சொன்னா? கோழி உன்னோடதுதான். முட்டை சொந்தமா முடிவெடுத்து என் வாசலுக்கு வந்திருக்கு. நானா கூப்பிட்டேன்?"

"அது உருண்டு வந்துச்சு!"

"எல்லாரும் உருண்டுதான் போறாங்க. உம் புருசன் மட்டும் பறந்தா போனாரு?"

கடைசியில் அம்பலமே தீர்ப்பும் சொன்னார்: உருண்டுபோன முட்டையில் வெள்ளைக் கரு இட்ட வீட்டுக்கு, மஞ்சள் கரு போய்ச் சேர்ந்த வீட்டுக்கு. ஊரிலிருந்து போன பிள்ளைகள் விஷயத்திலும் ஏறக்குறைய இதே கணக்குதான் நடந்துகொண்டிருந்ததால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

பிறகு சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஜீப் முதல் கியரில் முனகிக்கொண்டே மேடேறி வந்தது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் போலவே, ஆனால் அதைவிட விலை கூடிய ஒன்றை அவர் தரையில் வைத்தார். உள்ளே இருந்த குமிழி விழுந்தடித்துத் தெற்கே ஓடி ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் தட்டினார், திருப்பி வைத்தார், குமிழி மறுபடி தெற்கே ஓடியது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இதைச் சாய்வு என்று சொல்லக் கூடாது. இது வளர்ச்சியின் கோணம். மாநிலத்தின் தனிநபர் வருமானம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது, தெரியுமா?"

"யாருங்கய்யா அந்தத் தனிநபர்?" என்றாள் வேலுத்தாய். "ஆள் எங்க இருக்காருன்னு சொன்னா நாங்களே போய்ப் பாத்து எங்க பங்கை வாங்கிக்கிறோம்."

"அப்படி ஒரு ஆள் இல்லம்மா. சராசரி."

"ஆளே இல்லாம எப்படிய்யா எங்க பங்கையும் சேத்து வாங்கிட்டுப் போனாரு?"

அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டார். பின்னாலிருந்து அவர் குரலே கேட்டது: "டிரைவர், ஏசியைக் கூட்டு. கிராமப்புறத்தில் வெயில் சராசரியை மீறுகிறது." டிரைவர் கூட்டினார். அதிகாரி, தான் எப்போது இதைச் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே போனார். முனீஸ்வரி தென்னை மரத்துக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

வருஷம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் நிமிர்ந்தது. பஸ்ஸிலும் வேனிலும் பைக்கிலும் பெட்டியும் பிள்ளையுமாகச் சனம் வந்து இறங்க இறங்க, பூமி கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு, பழைய கதவு மாதிரி மெதுவாக மட்டத்துக்கு வரும். வைத்த எலுமிச்சம்பழம் வைத்த இடத்தில் நிற்கும். கல்யாணம், கான்கிரீட், வாசல்நிலை வைப்பது, மட்டமான தரை தேவைப்படும் எல்லா நல்ல காரியமும் அந்த நாலைந்து நாளுக்குள் நெருக்கியடித்து நடக்கும். பிறகு தனபால்களிடமிருந்து போன் வரத் தொடங்கும், சனம் கிளம்பும், அய்யனார் குதிரையின் சங்கிலி மறுபடி விறைத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் மார்கழியில்தான் வேலுத்தாய்க்குச் சிக்கல் வந்தது. நெடுவாகைக் கம்மாய்க்குக் கரையும் மடையும் தெற்கே, வயல்கள் அதற்கும் தெற்கே. தண்ணீரோ, ஊர் சாய்ந்த நாளிலிருந்து, மடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடகோடிக் கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தீபாவளிக்கு ஊர் நிமிர்ந்தபோது ஒரு தண்ணீர் பாய்ந்தது. இப்போது கதிர் பால் பிடிக்கும் நேரம், இன்னும் ஒரே ஒரு தண்ணீர் வேண்டும், பொங்கல்வரை பயிர் தாங்காது. மோட்டார் வைத்து இறைத்தும் பார்த்தாள். தண்ணீர் வாய்க்காலில் கொஞ்ச தூரம் தெற்கே ஏறிவிட்டு, மூச்சு வாங்கி, வந்த வழியே திரும்பி ஓடியது.

வேலுத்தாய் முனீஸ்வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிக்னல் கொஞ்சம் மிச்சமிருந்த மேட்டு வரப்பில் உட்கார்ந்து புருசனுக்குப் போன் போட்டாள். "இந்த வெள்ளாமை வீடு வந்து சேரலைன்னா வீட்டைப் பூட்டிட்டு நாங்களும் வந்துருறோம். இவளைக் கைமடிக்குச் சேத்துக்கச் சொல்லி உங்க தனபால் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க."

கைமடி என்றால் தையல் மெஷின் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை வாங்கி மடிப்பது, நாள் பூராவும். அதற்குப் பதினொன்றாம் வகுப்பும் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பும் தேவையில்லை. முனீஸ்வரிக்கு நெடுவாகை மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது; அது ஒரு சறுக்கலான, சலிப்பான, ஊர்க்கதை பேசும் இடம் என்பதே அவளுடைய முடிவான கருத்து. ஆனால் சாய்ந்த பெஞ்சில் உட்கார்ந்தாவது பிளஸ் டூவை முடித்துவிட்டு வக்கீலுக்குப் படிப்பது என்று தீர்மானித்திருந்தாள். கோர்ட்டில் வாதிக்கும் பேசலாம், பிரதிவாதிக்கும் பேசலாம், ஜட்ஜ் அசந்தால் அவருக்கும் சேர்த்துப் பேசலாம். அவளுடைய திறமைக்கு வேறு எங்கே இவ்வளவு இடம்?

ஆகவே ஊரை நிமிர்த்த வேண்டும். ஊர் நிமிர ஆட்கள் வர வேண்டும். பண்டிகை இல்லாத மார்கழியில் எதற்கு வருவார்கள்? சாவுக்கு வீடியோ காலில் அழுதார்கள். கல்யாணத்துக்குச் செல்போனிலேயே மொய் செய்தார்கள். ஆனால் தலைக்கட்டு என்று ஒன்று இருந்தது. அய்யனாருக்குக் கிடாய் வெட்டினால் கறியைக் கூறு போட்டு, கல்யாணமான ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு தலைக்கட்டு என்று எண்ணி, ஆளுக்கு ஒரு கூறு கொடுப்பார்கள். எண்ணும் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காதவனுக்குக் கூறு இல்லை, கூறு இல்லாதவன் ஊர்க்காரன் இல்லை. போரூரில் சொந்தமாக வீடு வாங்கியவனும் இந்த ஒரு கைப்பிடிக் கறிக்காக உயிரை விடுவான், ஏனென்றால் அவன் பங்காளிக்கு அது கிடைத்து அவனுக்குக் கிடைக்காமல் போய்விட்டால்?

செல்போன் சிக்னலும் வடக்கே வழிந்துவிடும் என்பதால், முனீஸ்வரி பள்ளிக்கூடம் விட்டதும் மேல்நிலைத் தொட்டியின் மேலே ஏறி உட்கார்ந்தாள். முதல் போன் சோலையப்பனுக்கு, அம்பலத்தின் கட்டைக் குரலில். குரலைக் கேட்டபின் நம்பரைப் பார்க்கிறவன் யார்?

"யாரு, சோலையப்பனா? நான் அம்பலம் பேசுறேன்."

"சொல்லுங்க மாமா! ஒடம்பு சௌக்கியமா?"

"என் ஒடம்பு கெடக்கட்டும். வர்ற ஞாயித்துக்கெழமை தலைக்கட்டு எண்ணுறோம். உன் தம்பி இருளப்பன் கோயம்புத்தூர்லேர்ந்து போன் போட்டு, எங்க அண்ணன் மெட்ராஸ்காரனாயிட்டான், அவன் தலையை எடுத்துருங்கன்னான். எடுத்துரவா?"

மறுமுனையில் சோலையப்பனின் ஜூஸ் கடையில் மிஷின் ஓடும் சத்தம் நின்றது. "அந்த நாயி அப்படியா சொன்னான்?"

"எனக்கென்னப்பா தெரியும். நான் கறியை வெட்டுறவன்."

அடுத்த போன் இருளப்பனுக்கு. "உங்கண்ணன் சோலையப்பன் சொல்றான், நீ கோயம்புத்தூர்ல கிரில் பட்டறை வச்சதுலேர்ந்து கொங்கு நாட்டு ஆளாயிட்டியாம், உனக்குக் கூறு எதுக்குன்னு கேக்குறான்." ஏதோ இரும்பு தரையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இப்படியே அவள் பூட்டிய வீடுகளையெல்லாம் தெருவாரியாகக் கூப்பிட்டாள்; அண்ணனுக்குத் தம்பியையும், சித்தப்பனுக்கு அண்ணன் மகனையும், மச்சானுக்கு மச்சானையும் மூட்டிவிட்டாள். கடைசியாக அப்பாவையும் கூப்பிட்டாள். மலைச்சாமி மட்டும், "சரிங்கண்ணே, வந்துருறேன்," என்று சொல்லிவிட்டு, "தொட்டி மேலேர்ந்து பாத்து எறங்குங்கண்ணே, ஏணி துருப்பிடிச்சிருக்கு," என்று வைத்துவிட்டார்.

வந்தார்கள். ஞாயிறுவரை பொறுக்காமல் சனிக்கிழமை காலையிலேயே, பொங்கலுக்கு வருவதைவிடக் கூட்டமாக வந்தார்கள், பொங்கலுக்குச் சிரித்துக்கொண்டு வருவார்கள், இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். ஆத்திரத்தில் வருகிறவன் எடை கூடியவன் என்பதை நெடுவாகை அன்று தெரிந்துகொண்டது. பூமி இரண்டே மூச்சில் நிமிர்ந்தது. கருவேலங்காட்டுக்குள் சம்மணம் போட்டிருந்த தண்ணீர் எழுந்து, சோம்பல் முறித்து, தெற்கே நடந்து வந்து மடையைத் தொட்டது. வேலுத்தாய் மடையைத் திறந்தாள். பயிர் குடித்தது.

ஆனால் கோயில் முன்னால் திரண்ட கூட்டத்துக்கு யார் பதில் சொல்வது? வயிரவன் அம்பலம் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தவர், ஊரே திரண்டு நிற்பதைப் பார்த்து, தான் செத்துவிட்டோமோ என்று ஒருமுறை சந்தேகப்பட்டார்.

"மாமா, நீங்க கூப்பிட்டீங்க, வந்துட்டோம். எங்க தலையை எடுங்க பாப்போம்!" என்றான் சோலையப்பன்.

"நான் எங்கே..." என்று தொடங்கிய அம்பலம், கூட்டத்தைப் பார்த்தார். நிமிர்ந்து நிற்கும் தரையைப் பார்த்தார். பல வருஷமாக அவர் போன் செய்தால் ஒருவனும் எடுத்ததில்லை. "...எங்கே வராம இருந்துருவீங்களோன்னு பாத்தேன்," என்று முடித்தார். "ஆமா, நான்தான் கூப்பிட்டேன். கிடாயைப் பிடிங்கடா!"

கூட்டம் கிடாய்களைத் தேடிக் கலைந்ததும், அம்பலம் முனீஸ்வரியின் பக்கமாக நடந்து வந்து, வாய்க்குள்ளேயே கேட்டார்: "போன்ல நான் நல்லா பேசுனேனா?"

"கம்பீரமா பேசுனீங்க."

"கொஞ்சம் மெரட்டுனேனா?"

"தேவையான அளவு."

"நல்லது," என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

எல்லாம் இதோடு முடிந்திருந்தால் கதை சுபம். ஆனால் நெடுவாகையில் தலைக்கட்டு எண்ணுகிறார்களாம் என்ற செய்தி பக்கத்து ஊருக்குப் போனது. அவன் எண்ணும்போது நாம் எண்ணாமல் இருப்பதா என்று பக்கத்து ஊர்க்காரர்கள் எண்ணப்போவதாக அறிவித்தார்கள். அதைக் கேட்டு அடுத்த ஊர், அதைக் கேட்டு அதற்கடுத்த ஊர். தென்பக்கத்துச் சனம் முழுக்க, கம்பெனியில் சொல்லியும் சொல்லாமலும், நின்றுகொண்டும் தொங்கிக்கொண்டும், கிடைத்த வண்டியிலெல்லாம் தெற்கே வந்து கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், மட்டத்துக்கு வந்த பூமி மட்டத்தில் நிற்கவில்லை. கிறீச்சென்று இன்னொரு சத்தம் போட்டுத் தெற்கே சாய்ந்தது.

சென்னையில் அன்று நடந்ததை டிவியில் இஸ்திரிக் குரல் வாசித்தது. தலைமை அலுவலகங்களில் மேஜைகள் தெற்கே நகர்ந்தன, காபி கோப்பைகள் சறுக்கின, அடுக்குமாடிகளில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கிக் குழாய்கள் வறண்டன, ஓட்டல்களில் பரோட்டா போட ஆள் இல்லை. ரசமட்டத்தோடு வந்த அதே அதிகாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேட்டி கொடுத்தார். பல வருஷம் தெற்கு தூக்கிக்கொண்டு நின்றபோது அதன் பெயர் வளர்ச்சியின் கோணம். ஒரே ஒரு மதியம் வடக்கு தூக்கிக்கொண்டபோது அதன் பெயர் பேரிடர். ஒரு மணி நேரத்துக்குள் குழு அமைத்தார்கள். வடக்கே உருண்டுபோன எலுமிச்சம்பழங்களெல்லாம் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பி வந்தன. சோலையப்பனின் பழமும் வந்தது, கரி படிந்து, சுருங்கி, நெடுவாகைப் பலகைக்குக் கீழே களைத்துப்போய் நின்றது.

கம்மாயிலோ, வேலுத்தாய் மடையை அடைத்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தெற்குக் கரையின் விளிம்புவரை ஏறி, இன்னும் ஒரு சாண் சரிந்தால் கரை உடையும், கரை உடைந்தால் பால் பிடித்த பயிர் பூராவும் தண்ணீருக்குள் போய்விடும் என்ற நிலையில் ததும்பியது. வேலுத்தாயும் மலைச்சாமியும் கூடை கூடையாக மண் அள்ளிப் போட்டார்கள். மற்றவர்களைக் கூப்பிட்டால், அவர்கள் கோயிலில் தங்கள் கூறில் எலும்பு அதிகமா பங்காளி கூறில் எலும்பு அதிகமா என்று எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடியே, என்னடி செஞ்சு வச்சிருக்க!" என்று வேலுத்தாய் கரையிலிருந்து கத்தினாள். யார் செய்தது என்று அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முனீஸ்வரி மறுபடி தொட்டியின் மேல் ஏறினாள். வரவழைக்க ஊர்த்தலைவரின் குரல் போதுமாக இருந்தது. அனுப்புவதற்கு அதைவிடப் பெரிய தெய்வங்களின் குரல் வேண்டும். அவை அவளிடம் இருந்தன; ஒவ்வொரு பொங்கலுக்கும் மூன்றாம் நாள் ஊர் முழுக்க ஸ்பீக்கரில் கேட்ட குரல்கள். கார் கம்பெனி காண்ட்ராக்டரின் குரலில், "பாஸ், நாளைக்கு கேட்ல உன் கார்டு வேலை செய்யணுமா வேணாமா?" ஜூஸ் கடைக் கட்டட முதலாளியின் குரலில், "என்னாபா சோலை, ஷட்டரு தொறக்காம கீது, வேற பார்ட்டிக்கு வுட்ரட்டா?" கோயம்புத்தூர் பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும் செட்டியாரின் குரலில், "பீகார்ப் பையன் ஒருத்தன் வந்து நிக்கிறான், பாதிக் கூலிக்குச் செய்றேங்கறான்."

தலைக்கட்டுக்கு ஒரு நாள் முழுக்க வந்துசேர்ந்த சனம், இதற்குச் சாயங்காலத்துக்குள் கிளம்பியது. வெந்தும் வேகாததுமான கறியைத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, பங்காளியைத் திட்ட வைத்திருந்த மிச்ச வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு, வந்த வண்டியிலேயே ஓடியது. நெடுவாகைக்காரனுக்குப் போன் வந்ததைப் பார்த்துத் தங்களுக்கும் வந்துவிடும் என்று பயந்து, பக்கத்து ஊர்க்காரர்கள் போன் வராமலே கிளம்பினார்கள். சோலையப்பனும் இருளப்பனும் ஒரே பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். பூமி மெல்ல ஏறியது. ஏறி, ஏறி, மட்டத்துக்கு ஒரு மயிரிழை இருக்கும்போது நின்றுவிட்டது. தண்ணீர் கரை விளிம்பில் நின்று நடுங்கியது. இன்னும் ஒரே ஓர் ஆளின் எடை.

தொட்டி மேலிருந்து முனீஸ்வரி கம்மாய்க் கரையைப் பார்த்தாள். அங்கே ஒருவர் மண் கூடையோடு நின்றார்.

கரையில் மலைச்சாமியின் போன் அடித்தது.

"ஏனுங்க மலைச்சாமி," என்றது தனபாலின் குரல், "ஊர்லயே இருந்துக்கலாமுன்னு முடிவு பண்ணீட்டீங்களா? சொல்லீட்டீங்கன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கறமுங்க."

மலைச்சாமி கூடையைக் கீழே வைத்தார். தொட்டியை நிமிர்ந்து பார்த்தார். மேலே காதில் போனோடு ஓர் இரட்டைச் சடை தெரிந்தது. அவர் கையை ஆட்டவில்லை.

"இல்லைங்க சார். கெளம்பிட்டேங்க சார்." பிறகு சொன்னார்: "ஒரு விசயம் சார். எம் மகளைக் கைமடிக்குச் சேத்துக்கச் சொல்லி வீட்ல கேக்கச் சொன்னா. நான் கேக்கலைன்னு வச்சுக்கங்க. அவ பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் நான் டபுள் ஷிப்ட் பாக்குறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா இந்தா கெளம்பிருவேன்."

முனீஸ்வரி தனபாலின் குரலைத் தேடினாள். வரவில்லை. அம்பலத்தைத் தேடினாள், கண்டக்டரைத் தேடினாள், ஹெட்மாஸ்டரைத் தேடினாள். அவ்வளவு பேர் குடியிருந்த இடத்தில் அவசரத்துக்கு ஒருவரும் இல்லை.

"சரிங்க," என்று ஏதோ ஒரு குரல் வந்தது.

"சளி பிடிச்சிருக்கு போல சார்," என்றார் மலைச்சாமி. "மாத்திரை போட்டுக்கங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தார். ஊர் எல்லைப் பலகையை அவர் தாண்டிய அந்த நேரத்தில் பூமி மட்டத்துக்கு வந்தது. தண்ணீர் கரையை விட்டு ஒரு சாண் இறங்கி, பெருமூச்சு விட்டு நின்றது.

திருப்பூரில் மறுநாள் காலை, தனபால் ஒருவருக்கும் போன் செய்திருக்கவில்லை. யாருக்குப் போன் செய்வது, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் காலியான மெஷின்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது ஆட்கள் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார்கள். "நீங்க கூப்பிட்டதும் வந்துட்டோம் சார்," என்றார்கள். தனபாலுக்கு நெஞ்சு விரிந்தது. "நீங்க சரின்னு சொன்ன மாதிரியே இன்னைலேர்ந்து எனக்கு டபுள் ஷிப்ட் சார், பிள்ளை படிக்கட்டும்," என்றார் மலைச்சாமி. தனபால் ஒரு நொடி யோசித்தார். கம்பெனியே தன் ஒரு போனுக்குத் திரும்பி வந்திருக்கும் வேளையில், போனே செய்யவில்லை என்று எந்த மனிதன் சொல்வான்?

"ஆமாங்க," என்றார். "நான் சொன்னா சொன்னதுதானுங்க."

குழுவின் அறிக்கை வந்தது: ஒரு மதியம் ஏற்பட்ட தற்காலிகப் பின்னடைவுக்குப் பிறகு மாநிலம் வளர்ச்சியின் கோணத்துக்குத் திரும்பிவிட்டது. வேலுத்தாயின் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தது. நெல் மூட்டைகளுக்கு வடபக்கம் ஆப்பு வைத்தார்கள். முனீஸ்வரி சாய்ந்த பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள். அம்பலம் வாரம் ஒருமுறை வந்து, தான் அடுத்து யாருக்காவது போன் செய்யப்போகிறேனா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பலகைக்குக் கீழே கிடந்த சோலையப்பனின் எலுமிச்சம்பழத்தை முனீஸ்வரி எடுத்துவந்து வாசலில் வைத்திருந்தாள்; ஊர் மறுபடி சாய்ந்தும் அது களைப்பில் அசையாமல் கிடந்தது. பொங்கலுக்கு வந்த மலைச்சாமி திரும்பிப் போன மறுநாள் காலையில் அது அசைந்தது. கரி படிந்த தோலை ஒருமுறை சிலுப்பிக்கொண்டு, படியிறங்கி, தெருவில் திரும்பி, வடக்கே உருளத் தொடங்கியது. கோழிகள் ஒதுங்கி வழிவிட்டன. முனீஸ்வரி வாசலில் நின்று அது டீக்கடையைத் தாண்டும்வரை பார்த்தாள், பிறகு அம்மாவின் குரலில், ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்லும் அதே இழுப்போடு, கையை வாயில் குவித்துக் கூப்பிட்டாள்:

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க!"

உள்ளே புது அரிசியில் சோறு வடித்துக்கொண்டிருந்த வேலுத்தாய், தன் குரலைத் தானே கேட்டு, கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடி வந்தாள், இப்போது கிளம்பியது யார் என்று பார்க்க.